அட்டை நாற்காலிக்காரர்

எங்கள் அத்தான் ராயப்பராஜைப் பாராட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு. 'நல்லா இருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மனிதருக்குத் தலைகால் புரியாது. கேட்டதற்கு மேல் செய்வார், செய்ததற்கு மேல் பேசுவார். அதனாலேயே என் அக்கா சகாயசெல்வி, அவர் வாங்கிவரும் ஆட்டுக்கறியைக்கூட நல்ல கறி என்று சொல்வதில்லை. சொன்னால் அடுத்த ஞாயிறு இரண்டு மடங்கு வந்து நிற்கும்.

நான் அவருக்குக் கொழுந்தியாள். பெயர் ஷைனி, தொடக்கப்பள்ளி ஆசிரியை. அத்தானைக் கேலி செய்வது எனக்குக் கிடைத்த சீதனம் மாதிரி, அதை யாரும் பிடுங்க முடியாது. ஆனால் இதை எழுதும்போது கேலி பாதி வழியில் நின்றுவிடும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் அவர் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததும் இல்லை, இவ்வளவு இரக்கம் வந்ததும் இல்லை.

திண்டுக்கல் மரியநாதபுரத்தில் வீடு. வேலை, மேடை அலங்காரம். கல்யாண மண்டபத்து வாசலுக்கு அன்னப்பறவை, பள்ளி ஆண்டுவிழாவுக்குக் கோட்டை, கோயில் திருவிழாவுக்குச் சப்பரத்து வளைவு. எல்லாம் ஒரே சரக்கில்தான்: பழக்கடைகளில் காலியாகும் ஆப்பிள் பெட்டி, பழைய பேப்பர், மைதா காய்ச்சிய பசை. வீட்டில் மைதா இருந்தால் அது பரோட்டாவுக்கா பசைக்கா என்று கேட்டுக்கொண்டுதான் அக்கா பொட்டலத்தைப் பிரிப்பாள். கிறிஸ்துமஸ் வந்தால் பங்குக் கோயிலில் குடில் கட்டுவதும் அவர்தான். அந்தக் குடிலின் மலைக்குகையைத் தொட்டுப் பார்க்காமல் யாரும் நம்ப மாட்டார்கள், கல் என்றே நினைப்பார்கள்.

அப்படித் தொட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் ரிஃபாத். பேகம்பூர்க்காரர், பிசியோதெரபிஸ்ட். மூளை முடக்குவாதம் வந்த பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் ஊருக்குள் ஒரு மையத்தில் பயிற்சி கொடுப்பவர். தன் மகளோடு குடில் பார்க்க வந்திருந்தார். எவனோ ஒரு வால்பையன் குகைக்கு மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான். குகை அசையவில்லை. ரிஃபாத் முஷ்டியால் தட்டிப் பார்த்தார்.

"அண்ணா, இது எதுல செஞ்சது?"

"பேப்பர்தான் மேடம். யானையே ஏறலாம்."

யானை எல்லாம் ஏற முடியாது. அத்தான் பேச்சு அப்படித்தான். ஆனால் ரிஃபாத்துக்கு யானை தேவைப்படவில்லை, பிள்ளைகளை உட்கார வைக்க நாற்காலி தேவைப்பட்டது. அட்டையை அடுக்கி ஒட்டி இப்படி நாற்காலி செய்யலாம் என்று அவர் ஒரு பயிற்சியில் பார்த்திருந்தார், செய்துகொடுக்க ஆள்தான் கிடைக்கவில்லை. கடையில் விற்கும் சிறப்பு நாற்காலியை வாங்க அந்தக் குடும்பங்களுக்கு வழியில்லை. வாங்கினாலும் ஒரே அளவில் வரும். ஒரு பிள்ளைக்கு முதுகு வலப்பக்கம் வளையும், இன்னொன்றுக்குக் கால் கத்திரிபோல் பின்னிக்கொள்ளும். பிள்ளையின் உடம்புக்குத் தகுந்து வெட்டித் தைத்த மாதிரி இருந்தால்தான் நாற்காலி. சரியாக உட்கார்ந்தால் புரையேறாமல் சாப்பிடும், எதிரில் இருப்பவர் முகம் பார்க்கும், கையை அசைத்து எதையாவது எடுக்கப் பழகும்.

அத்தானுக்கு இது சட்டென்று பிடிபட்டது. பிள்ளையைப் படுக்க வைத்துச் சரடால் அளவெடுப்பார். அட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டி, மேலே கல்லை ஏற்றி, வெயிலில் காயப்போட்டு, பேப்பரை வரி வரியாகச் சுற்றி ஒட்டுவார். காய்ந்தால் பலகை தோற்றுப்போகும். ஆணி கிடையாது. பஞ்சு மெத்தை, இடுப்புக்கு வார், முன்னால் தட்டு வைக்க ஒரு பலகை.

ரிஃபாத் இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதலாவது, பசையில் மயில்துத்தம் கலக்கக் கூடாது. பூச்சி அரிக்காமலிருக்க மேடை வேலைக்குக் கலப்பது வழக்கம். பிள்ளைகள் வாயில் வைத்துவிடும், அது விஷம். இரண்டாவது, நேரம்.

"எம்புட்டு நல்ல நாற்காலியா இருந்தாலும் ஒரு அரை மணி நேரம் அண்ணா. அப்புறம் வாரை அவுத்து எடுத்து, படுக்க வைக்கணும், பெரட்டி விடணும். நம்மளுக்கு வலிச்சா நாமளே அசைஞ்சுக்குவோம். அதுக அசைய முடியாது. தாய்மார்ட்ட இத நீங்களும் சொல்லணும், நானும் சொல்லுவேன்."

மயில்துத்தத்தை அத்தான் ஒருநாளும் மறந்ததில்லை. அது தொழில் சங்கதி.

இரண்டு வருடத்தில் அவர் பெயரே அட்டை நாற்காலிக்காரர் என்றாகிவிட்டது. கொடைரோட்டிலிருந்து ஒரு தாய், தொப்பம்பட்டியிலிருந்து ஒரு தகப்பன் என்று பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். தொப்பம்பட்டிக்காரர் சந்தேகமாகக் கேட்டார். "ஏனுங்க, மழையில ஊறிப் போயிராதுங்களா?"

"கொளத்துல போடுங்க, மெதக்கும்" என்றார் அத்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு முழுக்க அவருக்கு உச்சி குளிர்ந்திருந்தது.

சௌந்தர்யா என்ற பிள்ளைக்கு ஊர், தாடிக்கொம்புக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். எட்டு வயது. கை கால் விறைத்துக்கொள்ளும், கழுத்து நிற்காது, பேச்சு வராது. ஆனால் காதும் கண்ணும் புத்தியும் படு சுத்தம். அப்பா சுருளிவேல் மினி லாரியில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் ஏற்றிப் போகிறவர். அம்மா நாகஜோதி மல்லிகைத் தோட்டத்தில் பூவெடுக்கிறவள்.

பிறந்ததிலிருந்து சௌந்தர்யாவின் இடம் அம்மாவின் இடுப்புதான். தனியாக விட முடியாது என்பதால் நாகஜோதி போகுமிடமெல்லாம் அவளும் போனாள். ரேஷன் கடை, கல்யாண வீடு, இழவு வீடு, பூந்தோட்டம். தோட்டத்தில் புங்கமரத்தடியில் சாக்கை விரித்துப் படுக்க வைத்துவிட்டு நாகஜோதி பூவெடுப்பாள். போகிற வருகிற பெண்கள் எல்லாம் அவளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். பூ வியாபாரியை யாராவது கெட்ட வார்த்தையில் திட்டினால் சௌந்தர்யாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அவள் சிரிக்கட்டும் என்றே அந்த வியாபாரிக்குத் தினமும் நாலு வசவு கூடுதலாக விழுந்துகொண்டிருந்தது.

பிள்ளை வளர்ந்தது, இடுப்பு வளரவில்லை. நாகஜோதிக்கு முதுகு விட்டுப்போனது. ரிஃபாத் சொல்லி அத்தானிடம் வந்தாள்.

அத்தான் செய்ததிலேயே அதுதான் சிறந்த நாற்காலி. அதை நானே சொல்வேன். கலர் அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாராம், சௌந்தர்யாவின் கண் மாம்பழ மஞ்சளில் நின்றதாம், அதையே அடித்தார். முதுகுப்பக்கம் மல்லிகைக் கொடி வரைந்தார். மாசி மாதம் கொண்டுபோய்க் கொடுத்தார். எனக்கு அன்று பள்ளிக்கூடம் இருந்ததால் போகவில்லை. அங்கே நடந்ததைப் பிறகு அவர் வாயால் கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

பிள்ளையை உட்கார வைத்து வாரைப் போட்டதும் கழுத்து நின்றது. எதிரில் மண்டியிட்டிருந்த அம்மாவை நேருக்கு நேராகப் பார்த்தது. இடுப்பிலிருக்கும் பிள்ளைக்கு அம்மாவின் முகம் பக்கவாட்டில்தானே தெரியும்? நாகஜோதி 'ஓ'வென்று அழுதுவிட்டாள். தெருவே கூடிவிட்டது. ஒருவர் கை தட்டினார், ஒருவர் சால்வைக்குப் பதில் அத்தானுக்குத் துண்டைப் போர்த்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நாகஜோதி கேட்டாள்.

"எம்புட்டு நேரம் உக்கார வைக்கலாம்ணே?"

"நாள் பூரா வைம்மா. ஆணி இல்ல, ஒண்ணும் குத்தாது, மெத்தையில உக்காந்த மாதிரி. சறுக்காது, சாயாது. இனி நீ நிம்மதியா வேலையப் பாரு."

தோளில் அந்தத் துண்டோடு நின்ற அத்தானுக்கு அரை மணி நேரம் என்ற வார்த்தை வாயில் வரவில்லை. இவ்வளவு பெரிய நாற்காலிக்கு அது சின்ன வார்த்தையாகத் தெரிந்ததாம். அவரே சொன்னது இது. நாற்காலியில் சௌந்தர்யா இருக்கும் படத்தை எடுத்து அன்றைக்கே வாட்ஸ்அப் முகப்பில் வைத்துக்கொண்டார்.

சித்திரை பிறந்தது. மல்லிகை கொட்டோ கொட்டென்று கொட்டுகிற காலம். நாற்காலி போனதிலிருந்தே சௌந்தர்யாவைப் பயிற்சிக்குக் கொண்டுவரவில்லை, தாயிடம் நான் எதுவும் சொல்லவும் முடியவில்லை, போன் அடித்தாலும் எடுப்பதில்லை, ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள் என்று ரிஃபாத் சொன்னார். எனக்குக் கோடை விடுமுறை. அத்தானுக்கு வண்டி ஓட்ட வராது. உலகத்துக்கே நாற்காலி செய்வார், ஸ்கூட்டரில் பின்சீட்டில்தான் உட்காருவார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

வீடு வெளியே பூட்டியிருந்தது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பார்த்தவர் நகரவில்லை. நானும் எட்டிப் பார்த்தேன்.

மஞ்சள் நாற்காலியில் சௌந்தர்யா இருந்தாள். டிவியில் யாரோ இரண்டு பேர் சொத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே தகரக் கூரை, மின்விசிறி சூட்டைத்தான் கிளறிக்கொண்டிருந்தது. ஜன்னலில் மனித முகம் தெரிந்ததும் அந்தப் பிள்ளை சிரித்தது பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் என்ன சொல்ல! கை கால் எல்லாம் விறைத்துக்கொண்டு துள்ளியது. வார் விடவில்லை. அத்தான் எதையும் கெட்டியாகச் செய்கிறவர்.

பக்கத்து வீட்டு அய்யம்மாள், வயதானவர், சாவி கொண்டுவந்து திறந்தார். "இருட்டோட பூவெடுக்கப் போயிருவா. அப்படியே களையெடுக்கவும் போயிருவா. நடுவுல ஓடியாந்து கஞ்சி ஊத்திட்டு ஓடுவா. முன்ன பிள்ளையத் தூக்கிட்டு அலைவா பாவம், இப்ப நாற்காலி வந்துருச்சு, ரெண்டு வேலைக்குப் போறா."

அருகில் போனால் மூத்திர வாடை. முன்பலகையின் விளிம்பில் மஞ்சள் பெயிண்டு போய், பேப்பர் நைந்து பல் பதிந்திருந்தது. பிள்ளை அதைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அத்தான் வாரை அவிழ்த்துத் தூக்கினார். பாவாடை பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது. புண். முதுகெலும்பு முடிகிற இடத்தில், குழிவிட்ட புண்.

ஆள் போய்ச் சொன்னதும் நாகஜோதி தோட்டத்திலிருந்து ஓடிவந்தாள். மடியில் கட்டிய பூவைக்கூட அவிழ்க்கவில்லை. அவளைப் பார்த்ததும் அத்தானுக்கு வந்தது கோபம். பயத்துக்குப் போர்வையாக வருகிற கோபம் என்று இப்போது தெரிகிறது.

"பெத்த பிள்ளைய இப்பிடிப் பூட்டி வச்சுட்டுப் போவியாம்மா? ஒடம்ப ஒரு தடவ பெரட்டிப் பாக்க மாட்டியா?"

நாகஜோதி புண்ணைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "கஞ்சி ஊத்துறப்பயும் நாற்காலியிலயே வச்சு ஊத்திருவேண்ணே. எடுத்தா மறுபடி உக்கார வைக்க நேரமாகும்னு. நீங்கதானே நாள் பூரா வைக்கலாம்னு சொன்னீக."

வாசலில் அய்யம்மாளும் இன்னும் நாலு பெண்களும் நின்றார்கள். அத்தான் அவர்களைப் பார்த்தார்.

"நான் அப்பிடிச் சொல்லுவேனா? அரை மணிக்கு ஒருக்கா எடுக்கணும்னு எல்லார்ட்டயும் சொல்றவன் நானு."

நான் நம்பினேன். எல்லோரும் நம்பினார்கள். கொடுமை என்னவென்றால் நாகஜோதியும் நம்பினாள். நாற்காலி செய்து கொடுத்த தெய்வம் பொய் சொல்லுமா? "சொன்னீகளாண்ணே? அன்னைக்கு இருந்த சந்தோசத்துல எனக்குத்தான் மண்டையில ஏறலயா?" என்று படபடவென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். அய்யம்மாள்தான் கையைப் பிடித்து நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரிஃபாத் ஓடிவந்து கேட்டபோதும் நாகஜோதி அதையேதான் சொன்னாள். "அண்ணே சொல்லித்தான் குடுத்தாக மேடம். பாவி நான்தான் கேக்கல." அத்தான் பக்கத்திலேயே நின்றார். சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் இருந்தது வேறு மனிதர். வாட்ஸ்அப் முகப்பிலிருந்த படத்தை எடுத்துவிட்டார். பாதி ஒட்டிய நாற்காலி ஒன்று முற்றத்தில் கிடந்தது, தொடவில்லை. கரைத்த பசை புளித்து நாறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தன் விரதத்தை விட்டு, "கறி இன்னைக்கு ரொம்ப நல்லா இருக்குங்க" என்று சொன்னாள். அத்தான் தலையைக்கூடத் தூக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் அப்போதுதான் பயம் வந்தது.

கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தார். போன முகம் அப்படியே திரும்பி வந்தது. அன்று சாயங்காலம் அக்கா சமையல்கட்டு வாசலில் மறித்து நின்றுகொண்டாள். "எங்கிட்ட சொல்லாம இந்தப் பக்கம் வரவும் முடியாது, அந்தப் பக்கம் போகவும் முடியாது." அப்போதுதான் சொன்னார். துண்டு, கைதட்டல், நாள் பூரா, எல்லாம்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "கோயில்ல சொல்லியாச்சு, வீட்டுல சொல்லியாச்சு. சொல்ல வேண்டியவ தாடிக்கொம்புக்கு அந்தப் பக்கம்ல இருக்கா."

"சொன்னா இனிமே எவ ஷைனி என் நாற்காலியில பிள்ளைய உக்கார வைப்பா? மத்த பிள்ளைகளுக்கும்ல கெட்டுப்போகும்?"

அந்தப் பயம் பொய்யில்லை. தொப்பம்பட்டிப் பையன் தானாகக் கரண்டி பிடிக்கிறான், அது அந்த நாற்காலியால்தான். ஆனால் நல்ல காரணம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கெட்ட காரியத்தை மறைப்பது மனிதருக்குப் புதிதா என்ன? அக்கா ஒரே கேள்விதான் கேட்டாள். "அந்த நாகஜோதி இப்ப எப்பிடி இருக்காளோ, தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியாது. அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போனபிறகு அந்தப் பக்கமே அவர் தலைகாட்டவில்லை. மறுநாள் விடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். "வண்டிய எடும்மா, போயிட்டு வந்துருவோம்."

வீட்டுக்குப் போகாமல் நேரே தோட்டத்துக்குப் போகச் சொன்னார். பொய்யை நாலு பேர் முன்னால் சொன்னேன், இதையும் நாலு பேர் முன்னால்தான் சொல்ல வேண்டும் என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவரை நான் மெச்சுகிறேன், ஆனால் அவரிடம் சொல்ல மாட்டேன்.

வெயில் ஏறவில்லை. பெண்கள் மடியைக் கட்டிக்கொண்டு செடிக்குச் செடி குனிந்திருந்தார்கள். புங்கமரத்தடியில் சாக்கில் சௌந்தர்யா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். புண் காய்ந்து வருகிறது, ஆனால் நாகஜோதி மறுபடி இடுப்பில் சுமந்துகொண்டு வருகிறாள் என்று வழியில் எதிர்ப்பட்ட அய்யம்மாள் சொல்லியிருந்தார். நாற்காலி கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறதாம், மேலே விறகு.

அத்தான் பாத்தி வரப்பில் நின்றார்.  

"தங்கச்சி, அன்னைக்கு நீ கேட்டது சரிதாம்மா. நாள் பூரா வைன்னு நான்தான் சொன்னேன். அரை மணிதான்னு ரிஃபாத் மேடம் எங்கிட்ட சொல்லியிருந்தாக. நான் சொல்லல. பெருமையில சொல்லாம விட்டேன். அப்புறம் மானம் போகும்னு ஒம் மேல போட்டுட்டேன். நீ ஒரு தப்பும் பண்ணல."

எல்லாக் கைகளும் நின்றன. எங்கள் பின்னாலேயே வந்திருந்த அய்யம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தார். அத்தானின் பிறப்பு, அப்பன், ஆத்தா எல்லாவற்றையும் இழுத்து ஒரு வசவு வைத்தார், இங்கே எழுத முடியாது. வசவு முடிந்ததும் புங்கமரத்தடியிலிருந்து கிளுகிளுவென்று சிரிப்பு வந்தது. சௌந்தர்யா. வசவு யாருக்கு விழுந்தால் என்ன, அவளுக்குச் சிரிப்புத்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அத்தான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நாகஜோதி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கை மட்டும் மறுபடி ஓட ஆரம்பித்தது. செடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எங்க வீட்டுக்காரரு என்னைய அடிச்சாரு, தெரியுமாண்ணே? கல்யாணமாகி மொத தடவ. ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு. காசுக்கு ஆசப்பட்டுப் பிள்ளைய அழுகிப்போக விட்டுட்டியேன்னு அடிச்சாரு. எனக்கு அழுகையே வரல. சரியான அடிதானன்னு வாங்கிக்கிட்டேன். இம்புட்டு நாளா பிள்ள மூஞ்சியப் பாக்கக் கூசிக்கிட்டு, ராத்திரி திரும்பிப் படுத்துக்கிட்டிருந்தேன். நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."  பூ மட்டும் மடியில் விழுந்துகொண்டிருந்தது.

அத்தான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். தன்னால் புண் வந்தது தெரியும், பழி வந்தது தெரியும். அடி விழுந்தது தெரியாது. அந்த அடி தனக்கு விழுந்திருக்க வேண்டியது என்றுகூடச் சொல்ல அவருக்கு யோக்கியதை இல்லை. அடி அவள் முதுகில் அல்லவா விழுந்து முடிந்துவிட்டது?

"என்னைய மன்னிச்சுரும்மா" என்றார்.

"அதெல்லாம் இப்ப எனக்கு வரலண்ணே" என்றாள் அவள். "அவுக சந்தைக்குப் போயிருக்காக, மதியத்துக்கு மேல வருவாக. அவுககிட்டயும் இதே மாதிரி சொல்லிட்டுப் போங்க. அதுவரைக்கும் இருங்க." பிறகு மரத்தடியைக் காட்டினாள். "பிள்ளையத் தூக்கி மடியில வச்சுக்கங்க. செத்த நேரம் படுத்தாச்சு, எடுக்கணும்."

எடுத்து வைத்துக்கொண்டார். புண் படாமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க நான் காட்டிக்கொடுத்தேன். பிள்ளை விறைத்துக்கொண்டது, பிறகு தளர்ந்தது. கால் மரத்துப்போனாலும் அவர் அசையவில்லை. பிள்ளையே அண்ணாந்து அவர் மீசையைப் பார்த்து ஏதோ குரல் கொடுத்ததும்தான் நிமிர்ந்து, "என்னடா தங்கம்" என்றார். மறுபடி குனிந்துகொண்டார்.

மதியம் அவர்கள் வீட்டில் நாகஜோதி எங்களுக்குச் சோறு போட்டாள். கோபம் வேறு, சோறு வேறு. கத்திரிக்காய் வெஞ்சனம் வைத்தாள், தண்ணீர் வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. அத்தான் பிசைந்து பிசைந்து வைத்திருந்தார். பிள்ளைக்கு மட்டும் குழைத்து ஊட்டினார்.

வெயில் சாயும்போது மினி லாரி வந்து நின்றது. சுருளிவேல் சந்தைத் தூசியோடு இறங்கினார். மடியில் மகளும் முகத்தில் சாவுக்களையுமாக வாசலில் இருந்த அத்தானைப் பார்த்து, "வாங்கண்ணே" என்றார். அத்தான் எழுந்திருக்கவில்லை. தோட்டத்தில் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார். முடித்துவிட்டு, "என்னைய என்ன வேணா பண்ணுப்பா" என்றார்.

நான் வண்டிச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சுருளிவேல் கை ஓங்குவார் என்றே நினைத்தேன். ஓங்கவில்லை. தலைப்பாகைத் துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றார். வீட்டுக்குள் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டிருந்தது. அவர் முகம் கறுத்து, வெளிறி, மறுபடி கறுத்தது. துண்டு சுற்றிய தன் கையையே பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதர் எங்களை மறந்துவிட்டார் என்று தோன்றியது.

"நீங்க வந்து சொல்லிட்டீகண்ணே" என்றார் கடைசியில். "நான் யார்ட்டப் போய்ச் சொல்றது?"

உள்ளேயிருந்து நாகஜோதியின் குரல் வந்தது.

"எங்கிட்டத்தான்."

சுருளிவேல் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார்.